பதினேழு நீல டயர்கள்

மார்ச் 9

அன்புள்ள லிஃப்டுக்கு,

உறுதியான செய்தி முதலில். இன்று காலை ஆறேகாலுக்கு நம் தெருவில் சைக்கிள் பாதைக்கான பச்சைக் கோடு போட ஆரம்பித்தார்கள். தகவல் தந்தவர் பெயின்ட் வாளியோடு நின்ற மேஸ்திரி. அவர் சட்டைப் பையிலிருந்த வேலை உத்தரவையும் வாங்கிப் படித்துவிட்டேன். தபால் நிலைய முனையிலிருந்து பள்ளிக்கூட மதில் வரை, பேக்கரி இருக்கும் பக்கம், அகலம் ஒன்றரை மீட்டர்.

நான் நலம். வலது முழங்கால் மட்டும் மேடு ஏறும்போது ஏதோ சொல்கிறது, நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. உன் இடுப்பு எப்படி? நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் குனிந்து நிமிர்கிறவள், பெல்ட் போட்டுக்கொள்கிறாயா இல்லையா என்று எழுது. ஃபோனில் கேட்டால் பேட்டி எடுக்கிறேன் என்கிறாய். அதனால்தான் கடிதம்.

நீ மாற்றலாகிப் போன அவசரத்தில் இந்தக் கதையை முழுதாகக் கேட்கவில்லை. மாநகராட்சியின் விதி இது: ஒரு தெருவில் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் நானூறு சைக்கிளாவது போனால்தான் தனிப் பாதை. எண்ணுவதற்கு அவர்களிடம் ஆள் இல்லை. நம் பத்திரிகைக்காக பிப்ரவரி ஆறாம் தேதி நானே உட்கார்ந்து எண்ணினேன். பேக்கரிக்கு எதிரே ஸ்டூல், சாலையில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு. முகத்தைப் பார்த்தால் வணக்கம் சொல்ல வேண்டிவரும், எண்ணிக்கை தவறும். ஆகவே குனிந்தபடி கோட்டைக் கடக்கும் முன்சக்கரத்தை மட்டும் எண்ணினேன். மொத்தம் 409. இன்ஜினீயர் அந்த எண்ணையே கோப்பில் சேர்த்துவிட்டார். "நீங்க எண்ணுனா சரிதான் மேடம், நாங்க வேற தனியா எண்ணணுமா?" என்றார்.

கட்டுரையை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். மறுநாள் அதிகாலை உன் ரயிலுக்கு நான் ஐந்து நிமிடம் பிந்தி வந்ததற்குக் காரணமும் அந்தக் கட்டுரைதான். மன்னிப்பு ஏற்கெனவே கேட்டாயிற்று.

ஒரே ஒரு குறை. பச்சைக் கோடு வந்ததால் நம் பேக்கரிக்காரி ரொட்டியின் வேன் இனி கடைவாசலில் நிற்க முடியாது. அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போன ஞாயிறு சைக்கிள் எடுக்கவும் வரவில்லை. மூன்று பேராகப் போன பாதையில் தனியாகப் போய்வந்தேன். ஆற்றோரம் நன்றாகத்தான் இருந்தது, பேசத்தான் ஆள் இல்லை.

உன்,
நிருபர்


மார்ச் 21

அன்புள்ள நிருபருக்கு,

உன் முழங்கால் சொல்வதைக் கொஞ்சம் கேள். என் இடுப்பு நலம், பெல்ட்டும் நலம், பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

எனக்குக் கிடைத்த அறை ஆறாவது மாடி. கட்டடத்து லிஃப்டின் சான்றிதழ் நவம்பரோடு முடிந்துவிட்டது. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் அதில் ஏறலாமா? படியில்தான் ஏறி இறங்குகிறேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துப் பயந்து, அவரும் படியில் ஏற ஆரம்பித்துவிட்டார்.

இந்த ஊர் சைக்கிளுக்காகவே கட்டிய மாதிரி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து கட்டடம், ஐந்துக்கும் சைக்கிளில்தான் போகிறேன். பெரிய பாலத்தின் மேல் காலை எட்டு மணிக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, மாலையில் திரும்பும்போதும் பின்னாலிருந்துதான். யாரோ எனக்காகவே யோசித்து வைத்தது போல. அலுவலகம் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. புத்தகக் கடைத் தெரு, பழச் சந்தை, துறைமுகத்து வேலி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பசித்தால்தான் திரும்புகிறேன்.

எதிர் அறையில் ஒரு பல் டாக்டரம்மா. வயது ஐம்பத்தைந்து, சைக்கிள் தெரியாது, கற்றுக்கொடு என்கிறார். இரண்டு ஞாயிறு பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று கத்துகிறார். தினமும் உங்கள் நாற்காலியில் மற்றவர்களை இப்படித்தானே கத்தவைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுரையைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். வாழ்த்துகள்.

ரொட்டியை விட்டுவிடாதே. அவள் கோபம் எப்போதும் கடையைப் பற்றியதாக இருப்பதில்லை.

அன்புடன்,
லிஃப்டு


ஏப்ரல் 2

அன்புள்ள லிஃப்டுக்கு,

சேதி: ஆற்றோரப் பாதையில் விளக்குகள் எரிகின்றன. நேற்று மாலை நானே எண்ணினேன், முப்பத்தெட்டில் முப்பத்தாறு. நலம். முழங்காலுக்குப் பட்டி கட்டியாயிற்று, உன் பேச்சைக் கேட்டு அல்ல, தங்கச்சி திட்டியதால்.

நீ எழுதியதற்காக பேக்கரிக்குப் போனேன். காலைக் கூட்டம் கலைந்து, தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பெரிய ரொட்டி, நாலு பன்" என்றேன்.

"நிருபருக்கு என்ன வேணும்னு பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

"ஏன்டி, உங்கிட்டதானே கேக்கறேன்?"

"கேட்டாச்சுல்ல? அவர் கொடுப்பாரு."

"வேன் நிக்கற இடம் போச்சுன்னு கோவமா? அத நான் எடுக்கல. நான் எண்ணுனேன், அவ்வளவுதான்."

"நீ எண்ணுனா தப்பாகுமா? ஊருக்கே தெரியுமே."

"அப்புறம் என்ன குறை?"

"உனக்குத் தலையத் தூக்கிப் பாக்கத் தெரியாதுடி. அதான் குறை."

அவள் வீட்டுக்காரர் ரொட்டியைச் சுற்றிக்கொடுத்தபடி மெல்லச் சொன்னார்: "அடுப்புச் சூடும்மா. ஆறிடும்." இன்னும் ஆறவில்லை.

தலையைத் தூக்கிப் பார்க்கத் தெரியாது என்றால் என்ன பொருள்? முப்பத்தொரு வருடமாக இந்த ஊரைப் பார்த்து எழுதுகிறவளிடம் சொல்கிற பேச்சா? நீ நல்ல மனநிலையில் இருக்கும்போது யோசித்துச் சொல்.

கட்டுரையின் கடைசி வரியைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. 'கடந்து சென்றவற்றில் பதினேழு சைக்கிள்களுக்கு நீல டயர். இது நகரில் பரவிவரும் புது நாகரிகம் எனத் தெரிகிறது.' செய்தி ஆசிரியருக்கு மிகவும் பிடித்த வரி அது. அங்கேயும் நீல டயர் வந்துவிட்டதா?

உன்,
நிருபர்


மே 4

லிஃப்டுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. உயிரோடு இருக்கிறாயா, அல்லது இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாயா? ஒரு வரி போதும்.

நிருபர்


மே 18

அன்புள்ள நிருபருக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். ஒரு மருத்துவமனையில் எட்டு லிஃப்ட், எட்டும் வயதானவை, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் பட்டி எப்படி இருக்கிறது? தங்கச்சிக்கு என் அன்பு.

பல் டாக்டரம்மா ஓட்டிவிட்டார். போன ஞாயிறு நான் சொல்லாமல் கையை எடுத்தேன். நாற்பது மீட்டர் தனியாகப் போய், திரும்பிப் பார்த்து, நான் இல்லாததைக் கண்டு அங்கேயே விழுந்தார். எழுந்ததும் முதல் கேள்வி: "எவ்வளவு தூரம் வந்தேன்?" அடி பட்டதா என்று பார்க்கக்கூட இல்லை. அந்த நேரம் உன் ஞாபகம்தான் வந்தது.

இப்போது நாங்கள் இருவரும் பாலம் வரை போகிறோம். பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடை, சைக்கிளைச் சாய்த்துவைக்க வரிசையாக நாலு கம்பி போட்டிருக்கிறார்கள். நீயும் ரொட்டியும் வந்தால் அந்த நாலு கம்பியும் நமக்கே.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். அன்று எண்ணியதில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் என்ன ஆகும்?

அன்புடன்,
லிஃப்டு


மே 25

அன்புள்ள லிஃப்டுக்கு,

டாக்டரம்மாவுக்கு என் பாராட்டு. ஐம்பத்தைந்தில் விழக் கற்றவர் இனி எதற்கும் பயப்பட மாட்டார். நான் நலம், பட்டி அவிழ்த்தாயிற்று.

உன் கேள்விக்குப் பதில்: ஒன்பது வரை குறைந்தால் பரவாயில்லை, அப்போதும் நானூறு. பத்து குறைந்தால் நானூறுக்குக் கீழே போய்விடும், பாதையும் போகும். ஆனால் ஒன்றுகூடக் குறையாது. முப்பத்தொரு வருடத்தில் என் பெயரில் நாலே நாலு திருத்தம் வெளிவந்திருக்கிறது. மூன்று அச்சகத்தின் தவறு. ஒன்று என்னுடையது, ஒரு பாலத்தின் நீளத்தை அரை மீட்டர் கூட்டி எழுதிவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி நடக்கிறேன்.

பாதையை நீ பார்க்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். நம் மாதிரி அலுவலகம் போகும் பெண்கள், ஒரு தபால்காரர், பின்னால் நாயை உட்காரவைத்த ஒருவர். காலையில் ஜன்னலைத் திறந்தால் மணியோசை.

இதையும் சொல்லிவிட வேண்டும். வேன் இப்போது தபால் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் நிற்கிறது. பேக்கரியிலிருந்து நூற்றெண்பது அடி வைத்து நடக்க வேண்டும். ரொட்டியின் வீட்டுக்காரர் தட்டுத் தட்டாகத் தலையில் வைத்துக் கொண்டுபோகிறார். புதன்கிழமை நான் ஒரு தட்டை வாங்கிக்கொண்டேன். "வேணாம்மா, அவ பாத்தா என்னைத் திட்டுவா" என்றார். ஆனாலும் கொடுத்தார். ரொட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன்,
நிருபர்


மே 30

அன்புள்ள நிருபருக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விசாரித்தால் எழுதாமல் விட்டுவிடுவேன்.

அந்தப் பதினேழு நீல டயரும் நான்தான்.

ஊரை விட்டுப் போகிறேன் என்று பிப்ரவரி ஐந்தாம் தேதி மாலை ரொட்டி எனக்கு ஒரு ஜோடி நீல டயர் வாங்கி வந்து, கடைவாசலிலேயே மாட்டிக்கொடுத்தாள். உனக்குக் காட்டத்தான் மறுநாள் காலை வந்தேன். நீ ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தாய். டீ வாங்கி உன் பக்கத்தில் வைத்தேன். "அங்க வெச்சிடு" என்றாய், கடைப் பெண் என்று நினைத்துவிட்டாய் போல. எண்ணுகிறவளைக் கெடுக்க வேண்டாம் என்று ஒரு சுற்றுப் போய்வந்தேன். அப்புறம் இன்னொரு சுற்று. வெயில் ஏறவில்லை, டயர் புதிது, தெருவும் நம் தெரு. பேக்கரி, தபால் நிலையம், சந்து, பள்ளிக்கூட மதில், மறுபடியும் பேக்கரி. அன்று என் சைக்கிள் மீட்டர் காட்டியது இருபத்து மூன்று புள்ளி எட்டு கிலோமீட்டர். ஒரு சுற்று ஒன்று புள்ளி நாலு. வகுத்துப் பார்.

என்னை நீ ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறாய் என்று சத்தியமாக எனக்கு அப்போது தோன்றவில்லை. உன் கட்டுரை வந்தபோதுதான் தெரிந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். பச்சைக் கோடு விழுந்துவிட்டது, உன் பெயர் அதில் இருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டேன். போன மாதம் நான் எழுதாததற்கு மருத்துவமனை லிஃப்ட் மட்டும் காரணமில்லை.

ரொட்டியின் வீட்டுக்காரர் தலையில் தட்டு சுமக்கிறார் என்று எழுதினாயே, அதற்கப்புறம் முடியவில்லை.

நீ நலமா?

லிஃப்டு


ஜூன் 20

அன்புள்ள நிருபருக்கு,

இருபது நாளாகப் பதில் இல்லை. நீ கோபமாக இருந்தால் கோபமாகவே ஒரு வரி எழுது, படித்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருந்தால் கதவைத் தட்டியிருப்பேன். நீ திறக்கும்வரை வாசலில் மணி அடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

இங்கே மழை. என் கட்டடத்து லிஃப்டுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. ஆனாலும் படியிலேயே ஏறுகிறேன், பழகிவிட்டது.

லிஃப்டு


ஜூன் 27

லிஃப்டு,

எப்படி இருக்கே? இடுப்பு தேவலையா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். ரொட்டி சுத்தற காகிதத்துல எழுதறேன், வேற தாள் தேடறதுக்குள்ள அடுப்புல ஒண்ணு கருகிடும். எனக்கு உங்க மாதிரி எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில ஆளே இல்ல. நிருபர் வந்தா. உன் கடிதத்த எடுத்து மேஜை மேல வெச்சு, "படி"ன்னா.

"எதுக்குப் படிக்கணும்? எனக்குத் தெரியும்"னேன்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பதினேழும் யாருன்னு தெரியும். டயரு வாங்கிக் கொடுத்தவளுக்குத் தெரியாதா? கடைக்குள்ள நின்னு பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

அவ முகத்த நீ பாத்திருக்கணும். அப்புறம் சொல்றா, உன் வாக்குமூலத்த மட்டும் வெச்சு பேப்பர்ல திருத்தம் போட முடியாதாம், ரெண்டாவது சாட்சி வேணுமாம். உன் கடிதம் வந்த அன்னைக்கே கடிகாரத்த வெச்சுக்கிட்டு அந்தச் சுத்துல சைக்கிள் ஓட்டிப் பாத்திருக்கா. ஏழு நிமிஷமாம். கணக்கு சரியா வருதாம். ஆனா பாத்த சாட்சி நான் ஒருத்திதான். எங்கிட்ட வர அவளுக்கு மூணு வாரம் ஆயிருக்கு.

"ஏன்டி அன்னைக்கே சொல்லல? சொல்லியிருந்தா பாதையே வந்திருக்காது. உன் வேன் வாசல்லயே நின்னிருக்கும்"னா.

"சொன்னா அவளக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும், உன் பேரும் கெடும். வேன் எங்கயாவது நிக்கும்"னேன்.

"அப்புறம் எதுக்கு நாலு மாசமா எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட?"

அப்பதான் சொன்னேன். நீ இத அவளுக்கு எழுதியிருக்க மாட்டேன்னு தெரியும், அதனால நானே சொல்லிட்டேன். "நாளைக்கு ஊர விட்டுப் போறவ, ஒரு தடவையாவது நீ நிமிர்ந்து பாப்பேன்னு பதினேழு தடவை உன் முன்னாடி வந்து போனா. நீ டயர எண்ணிக்கிட்டு இருந்த. அதுதான் எனக்குப் பொறுக்கல"ன்னேன்.

அவ அப்படியே மாவு மூட்டை மேல உக்காந்துட்டா. ரொம்ப நேரம் கழிச்சு எழுந்து, "சாட்சியா உன் பேரப் போடலாமா?"ன்னு கேட்டா. "போட்டுக்க"ன்னேன். எழுந்தப்போ பின்னாடி பூராவும் வெள்ளை. நான் சொல்லல. அப்படியே ஆபீஸுக்குப் போயிட்டா. நாலு மாசக் கோவத்துக்கு அது போதும்.

அவ உனக்கு எழுதுவா. நீ அழுது தொலைக்காதே.

ரொட்டி


ஜூலை 3

அன்புள்ள லிஃப்டுக்கு,

உறுதியான செய்தி: என் ஐந்தாவது திருத்தம் ஜூலை முதல் தேதி மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி வெளிவந்தது. ஆதாரம் இத்துடன் இருக்கிறது. தேட வேண்டாம், வாசகம் இதுதான்: 'பிப்ரவரி 6 அன்று ஒரே சைக்கிள் பதினேழு முறை கடந்து சென்றதை, பதினேழு சைக்கிள்கள் என எண்ணியது நிருபரின் பிழை. சரியான எண்ணிக்கை 393. நீல டயர் பரவிவரும் நாகரிகம் என்று எழுதியதும் பிழை. விசாரித்த அளவில், அன்று அத்தெருவில் ஓடியது ஒரே ஒரு ஜோடி நீல டயர்.'

செய்தி ஆசிரியர் போட மனமில்லாமல்தான் இருந்தார். "பிப்ரவரி சமாச்சாரம் மேடம். யாரும் கேக்கலியே?"

"கேக்கறதுக்கு முன்னாடி சொன்னாத்தான் திருத்தம் சார். கேட்டப்புறம் சொன்னா அது பதில்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கதவு வரை வந்தவளைக் கூப்பிட்டு, "அந்த நீல டயர் வரி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

மாநகராட்சி கோப்பைத் திரும்பத் திறந்திருக்கிறது. ஜூலை 15, புதன்கிழமை, மறு எண்ணிக்கை. நானூறுக்குக் குறைந்தால் பச்சைக் கோட்டை அழித்துவிடுவார்கள். இந்தத் தடவை நான் எண்ணக்கூடாது, அது நியாயம். யாரை உட்காரவைப்பது என்று கடைக்காரர்களையும் சைக்கிள் ஓட்டுகிறவர்களையும் இன்ஜினீயர் தனித்தனியாகக் கேட்டார். இரண்டு தரப்பும் சொன்ன பெயர் ஒன்றே: பேக்கரியம்மா. எண்ணிக்கை குறைந்தால் லாபம் அவளுக்குத்தான். அப்படியும் ஒன்றுகூடக் குறைத்து எண்ண மாட்டாள் என்று சைக்கிள்காரர்கள் நம்புகிறார்கள். நானும்தான்.

பாதை அழியாமல் நிலைத்தால், காலை ஐந்திலிருந்து ஆறரை வரை வேன் வாசலில் நிற்க அனுமதி கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று முறை திருத்தினேன். ரொட்டி படித்துவிட்டு, "இவ்வளவு நல்லவளா எழுதியிருக்க என்னை" என்றாள்.

உனக்கு ஒரு மாதம் எழுதவில்லை. முதல் பதினொரு நாள் உன்மேல் கோபம். மீதி நாள் உன்மேல் இல்லை. முழங்கால் நலம். மற்றதை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை.

உன்,
நிருபர்


ஜூலை 7

அன்புள்ள நிருபருக்கு,

திருத்தத்தை டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒரு ஜோடி நீல டயரா? அது நம்ம வண்டி ஆச்சே?" என்று கீழே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது கட்டடத்தில் நான் பிரபலம். வாட்ச்மேன் டயரைத் தொட்டுப் பார்க்கிறார்.

மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். "என்ன காரணம்?" என்றார் மேலதிகாரி. "ஒரு எண்ணிக்கைக்குப் போகணும் சார்" என்றேன். "தேர்தலா?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உன்னிடம் கற்றது.

பதினைந்தாம் தேதி காலை ஐந்து நாற்பதுக்கு என் ரயில் அங்கே வந்து சேரும். சைக்கிளும் கூடவே வருகிறது. ஆனால் ஒரு சந்தேகம். ஏழிலிருந்து ஒன்பது வரை நான் அந்தத் தெருப் பக்கம் வரலாமா? அல்லது என்னை எங்கேயாவது பூட்டி வைக்கச் சொல்லி உத்தரவா?

உடம்பு நலம், பெல்ட் போட்டிருக்கிறேன். நிஜமாகவே.

ரொட்டி உன்னிடம் சொன்னதை எனக்கும் எழுதிவிட்டாள். அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். பதினேழு தடவையும் அதற்காக இல்லை. கடைசி ஐந்தாறு தடவை காற்று நன்றாக இருந்தது, அதற்காக.

அன்புடன்,
லிஃப்டு


ஜூலை 10

அன்புள்ள லிஃப்டுக்கு,

இன்று மதியம் வரை உறுதியானவை: வேன் மனு இன்ஜினீயரின் மேஜைக்குப் போய்விட்டது, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பார்த்தேன். மறு எண்ணிக்கையில் ஒரு ஆள் ஒரு தடவைதான் கணக்கு. ரொட்டி டயரைப் பார்க்கப் போவதில்லை, முகத்தைப் பார்த்து எண்ணுவாள். "வணக்கம் சொல்ல வேண்டி வருமே?" என்றேன். "சொல்லிட்டே எண்ணுவேன். இருபது வருஷமா கடையில அதத்தானே செய்யறேன்?" என்றாள். ஆக நீ வரலாம், பூட்டி வைக்கப்போவதில்லை. ஒரே ஒரு முறை கடக்கலாம். உன்னைப் பற்றி இன்ஜினீயர் தனியாக விசாரித்தார், நான் உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். என் பெயரை இன்னொரு தடவை மூன்றாம் பக்கத்துக்கு அனுப்பிவிடாதே.

நாங்கள் இருவரும் நலம். போன ஞாயிறு அவளும் நானும் ஆற்றோரம் போனோம். முப்பத்தெட்டு விளக்கும் எரிகிறது. அவள் சங்கிலி இரண்டு முறை கழன்றது, இரண்டு முறையும் என்னைத்தான் திட்டினாள். திரும்பும்போது அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஆறிடுச்சாம்மா?" என்று கேட்டார். ஆறிவிட்டது.

பாதை நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கோடு விழுந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது என்பது என் கண்ணுக்குத் தோன்றுவது. என் கண்ணை இப்போதைக்கு நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. நின்றால் எனக்குச் சந்தோஷம். அழித்தால் அவள் வேன் வாசலுக்கு வரும், அதுவும் சந்தோஷம்தான். இப்படி இரண்டு பக்கமும் சந்தோஷமாக இருக்கிற செய்தி எனக்கு வாய்த்ததில்லை.

பதினைந்தாம் தேதி ரயிலடியில் ஐந்தரைக்கே இருப்பேன். தங்கச்சி இரண்டு கடிகாரத்தில் மணி வைத்துக் கொடுத்திருக்கிறாள். அன்று காலை எனக்கு வேலை கிடையாது. எழுதுகிறவர் வேறு நிருபர், எண்ணுகிறவள் ரொட்டி. நான் பேக்கரி வாசலில், பழைய ஸ்டூலில், கையில் பேனா இல்லாமல், நேராக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ எத்தனை மணிக்குக் கடப்பாய் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

இன்னும் தெரிய வேண்டியவை மூன்று. எண்ணிக்கை, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வேன் மனுவின் முடிவு, இந்த மாதக் கடைசிக்குள். பிப்ரவரியிலிருந்து உனக்கு நான் பாக்கி வைத்திருக்கும் ஒரு பார்வை, ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில்.

உன்,
நிருபர்